வந்தவருக்கு இடம்: கொங்குப் பெருவழியின் சாவடி, சத்திரம், கள்ளுக்கடை

(நெருப்பெரிச்சலில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



ஓர் ஊரின் வரலாற்றைக் கோயிலை வைத்துச் சொல்லலாம். பாளையக்காரரை வைத்துச் சொல்லலாம். திருப்பூர் வட்டாரம் என்றால் பனியனை வைத்தும் சொல்லலாம். நான் இன்று எடுத்துக்கொண்ட பொருள், வழிப்போக்கர் தங்கிய இடங்களும் ஊரார் கூடிக் குடித்த, உண்ட, பேசிய இடங்களும். சாவடி, சத்திரம், மடம், கள்ளுக்கடை, காப்பிக் கிளப்பு, டீக்கடை, பேக்கரி என்று காலத்துக்கேற்ப இவற்றின் பெயர் மாறியிருக்கிறது. ஆனால் இந்த இடங்கள் எல்லாவற்றிலும் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான்: இருட்டிய பிறகு ஊருக்குள் வந்து நிற்கும் முன்பின் தெரியாத ஆளுக்கு இந்த ஊர் என்ன தரும்? அந்தக் கேள்விக்கு நம் முன்னோர் சொன்ன விடைகளில் பெருமைப்படத்தக்கவையும் உண்டு, தலைகுனியத்தக்கவையும் உண்டு. இரண்டையும் இங்கே வைக்கிறேன். வெளியூர்க்காரர் உழைப்பில் நிற்கும் நகரத்தில் இருந்துகொண்டு இந்தக் கணக்கைப் பார்க்காமல் இருக்க முடியாது.

பெருவழியும் தாவளமும்

கொங்கு நாடு ஒரு வழி நாடு. மேற்கே பாலக்காட்டுக் கணவாய், கிழக்கே காவிரிச் சமவெளி, நடுவில் நாம். மேலைக் கடற்கரைத் துறைமுகங்களில் இறங்கிய சரக்கு கரூர் போக இந்த நிலத்தைக் கடந்தாக வேண்டும். கோவைக்குத் தெற்கே சுண்டக்காமுத்தூர் அருகே பாறையில் வெட்டிய இராசகேசரிப் பெருவழிக் கல்வெட்டு, சோழர் காலத்தில் இந்த வழிக்கு இருந்த பெயரையும் மதிப்பையும் இன்றும் காட்டுகிறது.

அதற்கும் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே நொய்யல் கரையில் கொடுமணல் இருந்தது. 1985 தொடங்கித் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் நடத்திய அகழாய்வுகளில் அங்கே மணிப் பட்டறைகள் வெளிப்பட்டன. பச்சைக்கல், படிகம், சூதுபவளம் என்று கல்லை உடைத்து, தேய்த்து, துளையிட்டு விற்ற ஊர் அது. காங்கேயம் பக்கத்துப் படியூர்க் கல் அந்தப் பட்டறைகளுக்கு வந்திருக்கிறது. அங்கே கிடைத்த பானை ஓடுகளில் தமிழ்ப் பெயர்களோடு பிராகிருதச் சாயல் கொண்ட பெயர்களும் இருக்கின்றன. தம் பெயரைப் பானையில் கீறிக்கொள்கிற அளவுக்கு வடபுலத்தார் இங்கே நாள்பட இருந்திருக்கிறார்கள் என்று பொருள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து நம் ஊரில் தங்கியிருப்பவர்களைப் புதிய செய்தியாக நினைக்கிறோம். நொய்யலுக்கு அது பழைய செய்தி.

தருமபுரிப் பக்கம் கிடைத்த அதியமான் பெருவழிக் கற்களைப் பாருங்கள். நாவற்றாவளம் என்ற இடத்துக்கு இன்னும் எத்தனை காதம் என்று அவற்றில் எழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். அதோடு நிறுத்தவில்லை. எழுத்துத் தெரியாதவன் கையால் தடவி எண்ணிக்கொள்ளும்படி பெரிய குழியும் சிறிய குழியுமாகத் தூரத்தைக் குடைந்தும் வைத்திருக்கிறார்கள். வழியில் போகிறவன் யாராக இருந்தாலும் அவனுக்குத் தெரிய வேண்டும் என்ற அக்கறை அந்தக் குழிகளில் இருக்கிறது. தாவளம் என்பது வணிகர் கூட்டம் பொதியை இறக்கிவைத்துத் தங்கும் இடம். அப்படியென்றால் நமக்குக் கிடைத்த மிகப் பழைய மைல்கற்களுள் ஒன்று, ஒரு தங்குமிடத்தை இலக்காக வைத்துத் தூரம் சொல்கிறது.

சுமைதாங்கியிலிருந்து சாவடிவரை

தங்குமிடம் என்றதும் கட்டடம்தான் நினைவுக்கு வரும். நம் வழிகளில் அதற்கும் முந்திய, அதைவிட எளிய அமைப்பு ஒன்று உண்டு. இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு பலகைக் கல்லைக் கிடத்தியிருப்பார்கள். உயரம் ஓர் ஆளின் தோளளவு. தலைச்சுமையோடு வருகிறவர் குனிய வேண்டாம், இறக்கிவிட இன்னோர் ஆளைத் தேட வேண்டாம். கல்லோரம் நின்று தலையைச் சற்றே சாய்த்தால் சுமை கல்லுக்கு நகர்ந்துவிடும். கிளம்பும்போது அதே போலத் தலைக்கு வந்துவிடும். அதுதான் சுமைதாங்கி. கருவுற்ற பெண் பிள்ளை பெறாமலே இறந்துபோனால் அவள் பெயரால் சுமைதாங்கி வைப்பது தமிழ்நாட்டில் பல ஊர்களில் இருந்த வழக்கம். இறக்கிவைக்க முடியாமல் போன சுமைக்கு ஈடாக, ஊரார் எல்லாருடைய சுமையையும் இறக்கிவைக்க ஒரு கல். துக்கத்தைப் பொதுப் பயனாக மாற்றிய இந்த எளிய குடும்பங்களை நம் நாட்டின் முதல் அறக்கட்டளையாளர்களோடு வைத்துத்தான் எண்ண வேண்டும்.

சுமைதாங்கிக்கு அடுத்த படி தண்ணீர்ப்பந்தல், மாடு தண்ணி குடிக்கக் கல்தொட்டி, அதற்கடுத்து ஊர்ச்சாவடி. ஓடு வேய்ந்த கூரை, நாலைந்து தூண், அகலமான திண்ணை. பகலில் அங்கே வரிக்கணக்கும் வழக்கும் நடக்கும். இரவில் வண்டிக்காரரும் தறிச்சாமான் விற்பவரும் பண்டாரமும் துண்டை விரித்துப் படுப்பார்கள். கதவு கிடையாது, ஆகையால் அடைப்பதும் கிடையாது. பேர் எழுதிக் கையெழுத்து வாங்குவதும் கிடையாது.

இவற்றில் பெரும்பாலானவை இடிந்துபோனாலும் ஊர்ப்பெயரில் உயிரோடு இருக்கின்றன. ஈரோட்டுக்குப் பக்கத்தில் சாவடிப்பாளையம். கேரள எல்லையில் கந்தேகவுண்டன் சாவடி. தெற்கே போனால் ஒட்டன்சத்திரம், சத்திரப்பட்டி. திருப்பூருக்குள்ளேயே தண்ணீர்பந்தல். பஸ்ஸில் இந்தப் பெயர்களைச் சொல்லித்தான் டிக்கெட் எடுக்கிறோம். ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் வழிப்போக்கருக்காக விட்டுச்சென்ற இடம்.

மாட்டுவண்டிகள் பெருகியபோது வண்டிப்பேட்டைகள் வந்தன. பருத்தி மூட்டையும் புகையிலையும் ஏற்றி, வண்டிக்கடியில் அரிக்கேன் விளக்கைத் தொங்கவிட்டு, இரவெல்லாம் வரிசையாக வந்த வண்டிகள் விடியற்காலையில் பேட்டையில் அவிழ்க்கப்படும். மாட்டுக்குத் தீவனம், லாடம் கட்டுபவர், வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடும் கொல்லர், ஆளுக்குக் கூழோ சோறோ விற்கும் பாட்டி என்று ஒரு சிறு ஊரே பேட்டையைச் சுற்றி முளைக்கும். இன்று லாரிப்பேட்டைக்குப் பக்கத்தில் பஞ்சர் கடையும் பரோட்டாக் கடையும் இருப்பதன் கால்வழி அதுதான்.

சத்திரத்தின் அறமும் கணக்கும்

சாவடி படுக்க இடம் தந்தது. சத்திரம் சோறும் போட்டது. சோறு போட வேண்டுமென்றால் நிலம் வேண்டும், நெல் வேண்டும், கணக்குப்பிள்ளை வேண்டும். ஆகவே சத்திரம் என்பது கட்டடத்தோடு சேர்ந்த ஒரு சொத்து ஏற்பாடு. மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் சாலையும் சத்திரமும் அமைத்த புகழ் முந்நூறு ஆண்டாக மக்கள் வாயில் இருக்கிறது. ஆனால் சத்திரம் உள்ளே எப்படி நடந்தது என்பதைத் தெளிவாகக் காட்டுவது தஞ்சை மராட்டியர் காலத்து ஆவணங்கள்தான்.

1799இல் தஞ்சை ஆட்சி ஆங்கிலேயர் கைக்குப் போனது. இரண்டாம் சரபோஜியிடம் கோட்டையும் சில உரிமைகளுமே மிஞ்சின. நாட்டை இழந்த அந்த மன்னர் 1801இல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். அதில் அவர் மன்றாடிக் கேட்டது சத்திரங்களை. இராமேசுவரம் போகும் வழியெங்கும் தம் முன்னோர் வைத்த சத்திரங்களில் என்ன நடக்கிறது என்று விவரித்தார். எந்தச் சாதியார் வந்தாலும் சோறு உண்டு. சமைத்துச் சாப்பிடுபவருக்கு அரிசி உண்டு. இரவு நெடுநேரம் கழித்து வருகிறவருக்காக மணி அடித்து அழைத்துச் சோறு போடுவார்கள். நோயோடு வந்தால் மருத்துவர் பார்ப்பார். பிள்ளைத்தாய்ச்சி வந்தால் பேறுகாலம் முடியும்வரை கவனிப்பு உண்டு. வழியிலேயே இறந்தால் அவரவர் முறைப்படி அடக்கம் செய்யவும் ஏற்பாடு உண்டு. ஒரத்தநாட்டில் அவர் எழுப்பிய முத்தாம்பாள் சத்திரம், அவர் நேசித்த பெண் ஒருத்தி இறக்குமுன் கேட்டுக்கொண்டதற்காகக் கட்டியது. அதில் பள்ளிக்கூடமும் நடந்தது. இத்தனைக்கும் ஊர் ஊராக நிலம் எழுதிவைத்து, வருமானமும் செலவும் மராத்தி மோடி எழுத்து ஆவணங்களில் பதிவாகியிருக்கின்றன.  நம்மிடம் சத்திரம் என்ற ஒன்றே உணவு விடுதியாகவும் மருத்துவமனையாகவும் பள்ளியாகவும் இருந்தது.

சென்னையில் இந்த மாற்றத்தை இன்னும் நேராகப் பார்க்கலாம். 1782இல், ஹைதர் அலியோடு நடந்த போரும் பஞ்சமும் மக்களைத் துரத்திய நாளில், வடசென்னையில் ஒரு மணியக்காரர் பெயரால் கஞ்சித்தொட்டி தொடங்கியது. மணியக்காரர் சத்திரம் என்று பெயர். பசித்து வந்தவர்களில் பாதிப்பேர் நோயாளிகள். கஞ்சிக்குப் பக்கத்தில் மருந்து வந்தது, மருந்துக்குப் பக்கத்தில் கட்டில் வந்தது. அதன் தொடர்ச்சிதான் இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை. அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொன்ன தலைமுறை இன்னும் முழுதாக மறையவில்லை.

இவ்வளவு சொத்து இருந்தால் கை வைப்பவரும் இருப்பார்கள். கும்பினி அரசு 1817இல் கொண்டுவந்த 7ஆம் எண் ஒழுங்குவிதி, கோயில் மானியங்களோடு சத்திரங்கள், பாலங்கள் முதலியவற்றுக்கு விட்ட மானியங்களையும் வருவாய் வாரியத்தின் மேற்பார்வைக்குள் கொண்டுவந்தது. அறத்துக்கு எழுதிய வருமானம் அறத்துக்கே போக வேண்டும் என்பது அதன் நோக்கம். பிறகு உள்ளாட்சி வாரியங்கள் வந்தபோது பல சத்திரங்கள் அவற்றின் பொறுப்பில் போயின. அங்கிருந்துதான் சரிவு தொடங்கியது. கட்டடத்தைப் பராமரிக்கக் கணக்கில் தலைப்பு இருந்தது. நடுராத்திரி வந்தவனுக்கு மணி அடித்துச் சோறு போட எந்தத் தலைப்பும் இல்லை. இன்றைக்கு அறக்கட்டளை ஏற்படுத்துகிறவர்கள் நெஞ்சில் எழுதிக்கொள்ள வேண்டிய பாடம் இது. மூலதனத்தை மட்டும் எழுதிவைத்தால் போதாது. அந்தப் பணம் யாருக்காக, எந்த நேரத்தில், எந்த மனத்தோடு செலவாக வேண்டும் என்பதையும் எழுதிவைக்க வேண்டும்.

யாருக்கு இடம் இல்லை

இனிச் சொல்வது தலைகுனியும் பகுதி. சரபோஜி கடிதம் எல்லாச் சாதியாருக்கும் சோறு உண்டு என்கிறது. ஒரே பந்தியில் என்று சொல்லவில்லை. பல சத்திரங்களில் பிராமணருக்கு உள்ளே சமைத்த உணவு, மற்றவருக்கு வேறிடம், ஒடுக்கப்பட்டோருக்கு வாசலுக்கு வெளியே அரிசிப்படி. பழனியிலும் பேரூரிலும் ஒவ்வொரு சாதிக்கும் ஒரு மடம் இருப்பதற்குப் பின்னாலும் இந்த வரலாறு இருக்கிறது. தன் சாதி மடம் இல்லாதவன் ஆற்றங்கரையில் படுத்தான்.

இந்த அநீதி நம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் வாழ்க்கையையே திருப்பிவிட்டது. 1904 வாக்கில் ஈரோட்டிலிருந்து கோபித்துக்கொண்டு காசிக்குப் போன இளைஞர் ராமசாமி, பசியோடு ஓர் அன்னசத்திரத்தில் நுழையப் பார்த்தார். பிராமணர் அல்லர் என்று வெளியே தள்ளினார்கள். தெருவில் வீசிய எச்சில் இலையில் மிஞ்சியதை எடுத்துத் தின்று பசியாறினார். அந்தச் சத்திரத்தைக் கட்டியவரோ தென்னாட்டுப் பிராமணரல்லாத செல்வர் ஒருவர் என்பது பிறகு அவர் கண்ணில் பட்டது. பின்னாளில் பெரியார் ஆன அவர் ரயில்வே உணவகங்களில் இருந்த பிராமணர், இதரர் என்ற பிரிவினையை எதிர்த்துப் போராடி, 1941இல் அது நீங்கியதைக் கண்டார். ஒரு சத்திரத்து வாசலில் கிடைத்த அடி, அரை நூற்றாண்டு அரசியலாக வளர்ந்தது.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு தமிழ் முன்மாதிரி உண்டு. வடலூரில் வள்ளலார் 1867 மே 23ஆம் நாள் தருமச்சாலையைத் தொடங்கினார். சாதி, சமயம், ஊர் எதையும் கேட்காமல் பசித்தவருக்குச் சோறு. அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் காக்கப்படுகிறது.

சட்டமும் மெல்ல மெல்ல வந்து சேர்ந்தது. அரசமைப்பின் 15ஆம் பிரிவு கடை, உணவகம், விடுதி, கிணறு, குளம், சாலை என்று பொது இடங்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, அங்கே யாரையும் சாதியால் தடுக்கக் கூடாது என்றது. 1955ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றச் சட்டம் இன்னும் ஒரு படி போய், உணவகத்திலும் தருமசாலையிலும் வைத்திருக்கும் பாத்திரத்தைப் பயன்படுத்துவதைத் தடுத்தாலும் குற்றம் என்று எழுதியது. பாத்திரம் என்று ஒரு சட்டம் ஏன் தனியாகச் சொல்ல வேண்டும்? நம் கொங்கு டீக்கடைகளில் இருந்த இரட்டைத் தம்ளரை நினைத்துப் பாருங்கள். எவர்சில்வர் தம்ளர் சிலருக்கு. கூரையில் செருகிவைத்த கொட்டாங்கச்சியோ, தனியாக வைத்த கண்ணாடித் தம்ளரோ வேறு சிலருக்கு. குடித்தவரே கழுவி வைத்துவிட்டுப் போக வேண்டும். சட்டம் வந்து பல பத்தாண்டு கழித்தும் இது மேற்கு மாவட்டங்களில் நடந்ததை ஆய்வாளர்களும் இயக்கங்களும் ஊர் ஊராகப் பதிவுசெய்திருக்கிறார்கள். சத்திரம் கட்டிய தருமமும் தம்ளரைப் பிரித்த கொடுமையும் ஒரே மண்ணில்தான் விளைந்தன. ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைப்பது வரலாறு ஆகாது.

கள்ளுக்கடை

பொதுமக்கள் கூடிய இடங்களில் கள்ளுக்கடையை விட்டுவிட்டுப் பேசுவது நேர்மையில்லை. பனையும் தென்னையும் நிறைந்த நாடு நம்முடையது. பாளையில் கட்டும் முட்டியின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் காலையில் இறங்குவது தெளுவு. வெளியூரார் பதநீர் என்பார்கள். சுண்ணாம்பு தடவாவிட்டால் அதே பாளை, அதே முட்டி, இறங்குவது கள். தெளுவைக் காய்ச்சினால் கருப்பட்டி. ஒரு மரத்திலிருந்து மூன்று வாழ்க்கை. ஆங்கிலேய அரசு அதில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு மரத்துக்கு வரி, கடைக்கு ஏலம் என்று ஆப்காரி வருமானமாக்கியது. ஏலம் எடுத்தவருக்கு அதிகம் விற்றால்தான் கட்டிய பணம் மீளும். ஊரோரத்து எளிய பானம் அரசாங்க வருமானத்துக்கான கருவியாக மாறியது அந்த ஏலத்தில்தான்.

அதை எதிர்த்த போராட்டத்திலும் கொங்கு மண் முன்னணியில் நின்றது. 1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நடந்தபோது ஆண்கள் சிறைக்குப் போனார்கள். பெரியாரின் மனைவி நாகம்மையாரும் சகோதரி கண்ணம்மாளும் தெருவுக்கு வந்து மறியலை நடத்தினார்கள். பெரியார், கள் இறக்க விட்டிருந்த தம் தோப்புத் தென்னைகளை நூற்றுக்கணக்கில் வெட்டிச் சாய்த்தார். 1937 அக்டோபர் 1ஆம் நாள் ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. போன வருமானத்தை ஈடுகட்ட 1939இல் சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரி வந்தது. திருப்பூரில் பில் போடும் ஒவ்வொருவருக்கும் தெரிந்த வரிக்கணக்கின் வேர் கள்ளுக்கடை மூடலில் இருக்கிறது. 1948க்குள் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது.

அதன் பிறகு கதவு திறப்பதும் மூடுவதுமாகக் காலம் போனது. 1971இல் திறந்தார்கள், 1974இல் மூடினார்கள், 1981இல் மறுபடி திறந்தார்கள். 1987க்குப் பிறகு கள் இறக்க அனுமதி இல்லை. 1983இல் அமைத்த டாஸ்மாக் நிறுவனம் 2003 நவம்பரிலிருந்து சில்லறை விற்பனையையும் தன் கையில் எடுத்துக்கொண்டது. 2023-24இல் மது வழியே அரசுக்கு வந்த வருவாய் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது. மரத்திலிருந்து இறங்கியதை விற்கக் கூடாது, ஆலையில் வடித்ததை அரசே விற்கும் என்ற இந்த நிலையைக் கள் இயக்கத்தினர் இன்றும் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். 2017இல் புளிக்காத தென்னஞ்சாறான நீரா இறக்க அனுமதி வந்தது அந்தக் கேள்விக்குக் கிடைத்த சிறு விடை.

அதே 2017 ஏப்ரலில் நம் மாவட்டத்துச் சாமளாபுரத்தில் நடந்ததை மறக்க முடியாது. நெடுஞ்சாலையோர மதுக்கடைகளை அகற்ற உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதும் கடைகள் ஊர்களுக்குள் நகர்ந்தன. எங்கள் ஊருக்குள் வேண்டாம் என்று சாலையில் உட்கார்ந்த பெண்கள் மீது தடியடி விழுந்தது. நாகம்மையார் மறியல் செய்த தெருவுக்கும் சாமளாபுரத்துக்கும் இடையே தொண்ணூற்றாறு ஆண்டு. இரண்டு இடத்திலும் பெண்கள் கேட்டது வீட்டுக்குச் சம்பளம் முழுதாக வர வேண்டும் என்பதைத்தான்.

என் கருத்தைத் தயங்காமல் சொல்கிறேன். வேலை முடிந்து களைத்த மனிதனுக்கு நாலு பேரோடு உட்கார்ந்து பேச ஓர் இடம் வேண்டும். அந்தத் தேவை நியாயமானது. அதற்கு ஊர் வேறு இடம் எதுவும் வைக்காமல், மதுக்கடையை மட்டும் வைத்தால் அவன் அங்கேதான் போவான். கூடும் இடத்தைக் காத்தவர்களும் உண்டு. இங்கிலாந்தில் லண்டன் சதர்க் பகுதியில் ஜார்ஜ் இன் என்ற பழைய வழிப்போக்கர் விடுதி இருக்கிறது. 1676 தீக்குப் பின் மீண்டும் கட்டியது. அது கைமாறிக் கைமாறி ரயில் நிறுவனம் ஒன்றிடம் இருந்தபோது, 1937இல் நேஷனல் டிரஸ்ட் என்ற மரபுக் காப்பு அமைப்பிடம் ஒப்படைத்தார்கள். இன்றும் மக்கள் அங்கே உட்கார்ந்து உண்கிறார்கள், பேசுகிறார்கள். கூடும் இடம் நாட்டின் சொத்து என்று அவர்கள் எழுதிவைத்தார்கள். நாம் சாவடிகளை இடித்தோம், சுமைதாங்கிகளைச் சாலை அகலப்படுத்தலில் புரட்டிப் போட்டோம்.

ரயிலும் பனியனும்

1860களின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து போத்தனூர் வழியாக மேலைக் கடற்கரைக்கு ரயில் பாதை வந்தது. நடந்தும் வண்டியிலும் பத்து நாள் போன வழியை ஒரே நாளில் கடந்தார்கள். வழியோரச் சத்திரங்கள் வெறிச்சோடின; சத்திரமே ரயில் நிலைய வாசலுக்குக் குடிபெயர்ந்தது. மதுரை நிலையத்துக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம், சென்னை சென்ட்ரலுக்கு எதிரே ராமசாமி முதலியார் சத்திரம். கூடவே காப்பிக் கிளப்புகள் வந்தன. காப்பி நம் சமூகத்தில் புகுந்து யாரை யாரோடு உட்காரவைத்தது, யாரை எழுப்பி அனுப்பியது என்பதை ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்.

1917இல் நகராட்சியான திருப்பூர், பருத்தி மண்டியாகவும் கதர் ஊராகவும் இருந்து, 1920களில் முதல் பின்னல் எந்திரங்களைக் கண்டது. பிறகு நடந்தது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். 2008இல் மாநகராட்சி, 2009இல் மாவட்டம். 2011இல் நெருப்பெரிச்சல் ஊராட்சியும் மாநகராட்சிக்குள் வந்தது. சோளக்காடாக இருந்த இடத்தில் கம்பெனியும் காம்பவுண்டும் எழுந்தன. பழைய தோட்டத்து வீட்டுக்குப் பக்கத்தில் லைன் வீடு கட்டி வாடகைக்கு விட்டார்கள்.

இன்றைக்கு நம் ஊரின் சாவடி எது என்று கேட்டால் பேக்கரிதான். காலை பத்தே முக்காலுக்கு ஏதாவது ஒரு கம்பெனிப் பக்கத்துப் பேக்கரியைப் பாருங்கள். சிங்கர் டெய்லர், ஓவர்லாக் டெய்லர், கைமடி, செக்கிங் அம்மா, கட்டிங் மாஸ்டர் எல்லாரும் ஒரே நேரத்தில் வருகிறார்கள். காலை எட்டரைக்கு மிஷினில் உட்கார்ந்தால் இரவு எட்டு, எட்டரைவரை ஓடும் ஒன்றரை ஷிப்டு அது. பத்து நிமிஷத்தில் டீயும் தேங்காய் பன்னும் முடிந்து, எந்தக் கம்பெனியில் ஆர்டர் வந்திருக்கிறது, எங்கே பீஸ் ரேட் கூடியிருக்கிறது, எந்த லைன் வீடு காலி என்பது வரை கைமாறிவிடும். தமிழும் இந்தியும் ஒடியாவும் ஒரே பெஞ்சில். எல்லாருக்கும் ஒரே தம்ளர். இரட்டைத் தம்ளர் வைத்திருந்த மண்ணில் இது சின்ன மாற்றம் அல்ல. தொழில் கொண்டுவந்த மாற்றங்களில் எனக்கு மிகப் பெரிதாகத் தெரிவது இதுதான்.

ஆனால் பேக்கரியில் பத்து நிமிஷம் உட்காரலாம், படுக்க முடியாது. வெளியூரிலிருந்து வரும் தொழிலாளி பத்துக்குப் பத்து அறையில் ஐந்தாறு பேரோடு பங்கு போட்டுத் தங்குகிறார். ஷிப்டு மாறிப் படுக்கும் பாய், வரிசையில் நிற்கும் கக்கூஸ், வாரத்துக்கு ஒருமுறை வரும் தண்ணீர். 1979ஆம் ஆண்டு மாநிலங்களுக்கிடையே இடம்பெயரும் தொழிலாளர் சட்டம், அழைத்துவரும் ஒப்பந்தக்காரர் தக்க தங்குமிடம் தர வேண்டும் என்று எழுதியது. தானாக ரயிலேறி வருகிறவருக்கு அந்த ஒப்பந்தக்காரர் யார்? 2020 ஊரடங்கில் இந்த நகரத்திலிருந்து வடக்கே போகக் கூட்டம் கூட்டமாக நின்றவர்களை நாம் எல்லாரும் கண்டோம். தங்க ஒரு நிலையான இடமும் அடுத்த வேளைச் சோற்றுக்கு உறுதியும் இருந்திருந்தால் அவர்களில் பலர் அப்படி நின்றிருக்க வேண்டியதில்லை.

செய்ய முடியாத காரியம் இல்லை இது. திருப்பெரும்புதூர்ப் பக்கம் வல்லம் வடகாலில் 706 கோடி ரூபாய்ச் செலவில் 18,720 பேர் தங்கும் தொழிலாளர் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. மின்னணுத் தொழிலுக்கு முடிந்தது பின்னலாடைத் தொழிலுக்கு முடியாதா?

மூன்று வேண்டுகோள்

இந்த அவையின் முன் மூன்று வேண்டுகோள் வைக்கிறேன்.

முதலாவது, ஆவணம். நெருப்பெரிச்சலைச் சுற்றியுள்ள ஊர்களில் மிஞ்சியிருக்கும் சுமைதாங்கி, கல்தொட்டி, சாவடித் திண்ணை, பழைய சத்திர நிலம் எல்லாவற்றையும் நம் பள்ளி, கல்லூரி மாணவர்கள் படம் எடுத்து, அளந்து, பெரியவர்களிடம் கேட்டு எழுதிவைக்க வேண்டும். கிழிந்த பத்திரமும் மங்கிய கல்லெழுத்தும் சேர்ந்தால் ஒரு நல்ல புத்தகம் ஆகும். சத்திரப் பெயரில் உள்ள நிலம் யார் கையில் இருக்கிறது என்ற கேள்வியையும் அந்தப் புத்தகம் தவிர்க்கக் கூடாது.

இரண்டாவது, மாலை நேரத்துக்கு ஓர் இடம். மதுக்கடை தவிர, பணம் செலவழிக்காமல் உட்காரக்கூடிய இடம் ஒவ்வொரு வார்டிலும் வேண்டும். வெளிச்சம், மின்விசிறி, குடிநீர், நாலு நாளிதழ், அவற்றில் ஒன்றிரண்டு இந்தியிலும் ஒடியாவிலும். சனிக்கிழமை சம்பளம் வாங்கியவன் போக வேறொரு வாசல் திறந்திருக்க வேண்டும். பெண்கள் தயங்காமல் வந்து உட்காரும்படி அது இருக்க வேண்டும். பழைய சாவடி அவர்களுக்கு அந்த இடத்தைத் தரவில்லை.

மூன்றாவது, தங்குமிடம். உற்பத்தியாளர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் மாநகராட்சியும் சேர்ந்து, முதல் மாதச் சம்பளம் வரும்வரை புதிதாக வந்தவர் தங்கி உண்ண ஒரு பொது விடுதியை நம் பகுதியில் தொடங்க வேண்டும். முதல் மாதம்தான் ஆபத்தான மாதம். தரகரிடம் சிக்குவதும், முன்பணக் கடனில் விழுவதும், கிடைத்த மூலையில் படுத்து நோய் வாங்குவதும் அந்த முப்பது நாளில்தான். அந்த முப்பது நாளைக் கடத்திவிட்டால் மீதியை அவரே பார்த்துக்கொள்வார். இந்த ஊரில் இன்று கம்பெனி வைத்திருப்பவர்களில் பலர், அல்லது அவர்களுடைய தந்தையர், ஒரு பையோடு திருப்பூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியவர்கள்தாம். அவர்களுக்கு முதல் இரவு யாரோ திண்ணை கொடுத்தார்கள்.

இந்த அறக்கட்டளையின் வட்டியில் ஆண்டுக்கொரு சொற்பொழிவு நடக்கிறது. அதற்கு நிறுவனர்களை மனமாரப் பாராட்டுகிறேன். அடுத்த அறக்கட்டளை அந்த விடுதிக்காக இருக்கட்டும். அதன் பத்திரத்தில், வருகிறவரின் சாதியையும் மொழியையும் மாநிலத்தையும் கேட்கக் கூடாது என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். எந்த நேரத்தில் வந்தாலும் சோறு உண்டு என்பதை இரண்டாவது வரியாக எழுதுங்கள். கணக்கை ஆண்டுதோறும் ஊரார் முன் படிக்க வேண்டும் என்பதை மூன்றாவது வரியாக எழுதுங்கள். அப்படி ஒரு பத்திரம் தயாரானால் அதில் சாட்சிக் கையெழுத்துப் போட என்னையும் கூப்பிடுங்கள். வருகிறேன்.